வண்டிக்குப் பின்னால் உன் கை

மகா,

நீ போனை வைத்த பிறகு நான் அடுப்படியிலேயே நின்றுகொண்டிருந்தேன். குக்கர் விசில் அடித்து ஓய்ந்து, பருப்பு அடிப்பிடித்த பிறகுதான் எனக்கு நினைவு திரும்பியது. உன் அப்பா வாசலிலிருந்து, "இன்னாடி, வூடே தீயுற நாத்தம் வருது, எங்க கீற நீ?" என்று சத்தம் போட்டார். அடுப்பை அணைத்தேன். தீய்ந்த பருப்பைக் கொட்டிவிட்டு, முதல் நாள் குழம்பைச் சூடு பண்ணி அவருக்குச் சோறு போட்டேன். போனில் யார், என்ன என்று அவர் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தே ஏதோ ஆகிவிட்டது என்று தெரிந்துகொண்டு, சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

நீ கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "அம்மா, இந்த வெரலப் பத்தி நீ எவ்ளோ பேசியிருக்க. எங்கிட்ட ஒரு தடவையாச்சும் எதுனா கேட்டிருக்கியா?" நான் பதில் சொல்வேன் என்று காத்திருந்துவிட்டு போனை வைத்தாய். கேட்டதே இல்லை என்பது எனக்குத் தெரியும். இப்போது தெரிந்த விஷயமில்லை, எப்போதும் தெரியும். அதனால்தான் வெட்கமாக இருக்கிறது. அந்த வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

இதை ஏன் நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதுகிறேன் என்று நீ கோபப்படலாம். உன் வலது கையில் சுண்டு விரலுக்குப் பக்கத்தில் இன்னொரு விரல் இருப்பது செங்கல்பட்டிலிருந்து மறைமலைநகர் வரைக்கும் தெரியும். நாங்கள்தான் தெரியப்படுத்தினோம். உன் கையை ஊர் முழுக்கக் காட்டிவிட்டு, என் தப்பை மட்டும் உன் காதோடு சொல்லிவிட்டுப் போவது நியாயமாகப் படவில்லை. ஆனாலும் முதலில் உனக்குத்தான் அனுப்புகிறேன். நீ வேண்டாம் என்றால் இது உன்னோடு நின்றுவிடும், வேறு யார் கண்ணிலும் படாது.

செங்கல்பட்டில் பிரசவ வார்டில் நீ பிறந்தாய். நர்ஸ் உன்னைத் துணியில் சுற்றி என்னிடம் கொடுக்கும்போது, "கையில ஒரு வெரலு கூட இருக்குதுமா, பயப்படாத" என்றாள். பயப்படாதே என்று யாராவது சொன்னால்தானே நமக்குப் பயம் வரும். துணியை விலக்கிப் பார்த்தேன். நகமெல்லாம் வைத்து, சின்னதாக, அழகாகத்தான் இருந்தது. அப்போது எனக்கு முதலில் என்ன தோன்றியது என்று இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. இவளை யார் கட்டிக்கொள்வார்கள் என்று தோன்றியது. உனக்கு இன்னும் ஒரு சொட்டுப் பால்கூடக் கொடுக்கவில்லை. அதற்குள் உன் கல்யாணத்தை நினைத்து அழ ஆரம்பித்துவிட்டேன்.

உன் அப்பா அப்போது செய்யூர்ப் பக்கம் நம் கிராமத்தில் வேர்க்கடலை போட்டுவிட்டு, மற்ற நாளில் அடுத்தவர் வேனை ஓட்டிக்கொண்டிருந்தார். சொந்தமாக ஒரு வேன் வாங்கிவிட வேண்டும் என்று நாயாக அலைந்தும் காரியம் ஆகவில்லை. நீ பிறந்த அன்றுதான் பாங்கில் வேன் கடனுக்குச் சரி என்று சொன்னார்கள். வார்டுக்குள் ஓடிவந்து உன் கையைப் பார்த்தவர், பக்கத்துக் கட்டில்காரிகள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். "வண்டி வந்துட்ச்சிடி! ஆறு வெரலோட லட்சுமி வந்து பொறந்துகீது, இனிமே நமக்கு இன்னா கொற?" நான் உனக்கு யமுனா என்று பெயர் வைக்க ஆசைப்பட்டு வைத்திருந்தேன். அது அங்கேயே போயிற்று. நீ மகாலட்சுமி ஆனாய். எனக்கோ, அழுத அழுகை நின்றுபோன நிம்மதி. குறை என்று நினைத்தது யோகம் ஆகிவிட்டதே. அதற்குப் பிறகு அந்த யோகத்தை நான் விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டேன்.

புது வண்டிக்கு எல்லோரும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவார்கள், பூசணிக்காய் உடைப்பார்கள். நம் வீட்டில் கூடுதலாக ஒன்று நடந்தது. மஞ்சளைக் குழைத்து உன் கையில் தடவி, வண்டிக்குப் பின்னால் அச்சு வைத்தோம். ஈர மஞ்சள் சில்லென்று பட்டதும் நீ வீறிட்டு அழுதாய். கையை இறுக்க மூடிக்கொண்டாய். அப்பா ஒவ்வொரு விரலாகப் பிரித்தார். நீ மறுபடியும் மூடாமல் இருக்க மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது நான்தான். அச்சு சரியாக விழுந்ததும் சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

முதல் வண்டி நன்றாக ஓடியது. அடுத்த வண்டி வந்தது, அதற்கடுத்தது வந்தது. நாம் ஊரைவிட்டு இங்கே செங்கல்பட்டுக்குக் குடிவந்தோம். மறைமலைநகர்க் கம்பெனிகளுக்கு ஷிப்டு ஆட்களை ஏற்றிப் போகிற வேலை கிடைத்தது. மஞ்சள் மழையில் கரைந்துவிடுகிறது என்று பெயிண்டரைக் கூப்பிட்டு, எல்லா வண்டிக்கும் பின்னால் உன் கையை அப்படியே சிவப்புப் பெயிண்டில் எழுதச் சொன்னார் உன் அப்பா. வண்டியில் எழுதியிருந்த நம் கம்பெனிப் பெயரை யாரும் படிக்கவில்லை. பைபாஸில் நிற்கிறவர்கள், "ஆறுவெரலு வந்துட்ச்சா அண்ணாத்த?" என்றுதான் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். அதைக் கேட்டு நான் பூரித்துப் போயிருக்கிறேன், மகா.

சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? போர்வெல் போடப் போகிறவர், பெண் பார்க்கப் போகிறவர், இண்டர்வியூவுக்குப் போகிறவர், எல்லோரும் காலையிலேயே வந்து உன் விரலைத் தொட்டுவிட்டுப் போனார்கள். தூங்குகிற பிள்ளையை எழுப்பிக் கையை நீட்டச் சொல்லியிருக்கிறேன். சின்ன வயதில் நீ சிரித்துக்கொண்டேதான் நீட்டினாய். கொஞ்சம் வளர்ந்ததும் யாராவது வந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாய். "பெரியவங்க வந்துகீறாங்க, இன்னா திமிரு?" என்று உன் முதுகில் ஒன்று வைத்தேனே, ஞாபகம் இருக்கிறதா? எனக்கு நேற்று அடித்த மாதிரி இருக்கிறது.

பத்தாவது பரீட்சை முடிந்து வந்தாய். பையை வைத்துவிட்டுக் கையை என் முன்னால் நீட்டினாய். எழுதும்போது வலது கையின் ஓரம் தாளில் உரசும் இல்லையா, அந்த ஓரத்தில்தான் அந்த விரல் இருக்கிறது. மடங்காத விரல். மூன்று மணி நேரம் தாளில் தேய்ந்து தேய்ந்து அடியில் சிவந்து வீங்கியிருந்தது. "அம்மா, இத எடுத்துடலாமா? டாக்டர் எடுப்பாங்களாம், டீச்சர் சொன்னாங்க" என்றாய். எவ்வளவு மரியாதையாகக் கேட்டாய்! உன் கையிலிருக்கும் விரலை எடுக்க எங்களிடம் அனுமதி கேட்டாய்.

அப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். "வூட்டு லட்சுமிய வெட்டிப் போட சொல்றியா? இன்னா பேச்சி இது? அந்த டீச்சரு யாரு, கூட்டிகினு வா அவள." நான் உன்னைத் தனியாக அழைத்துப்போய், தேங்காய் எண்ணெய் தடவிவிட்டு, "கடவுள் குடுத்தத வேணாம்னு சொல்லக் கூடாது கண்ணு" என்றேன். கடவுள் கொடுத்த காதில் ஓட்டை போடும்போது நாங்கள் யாரும் கடவுளைக் கேட்கவில்லை. மாமா மடியில் உட்கார வைத்து, நீ கதறக் கதறத்தான் குத்தினோம். மூக்குக்கும் அப்படித்தான். நம் வீட்டுக்கு எது வேண்டுமோ அதைச் செய்யும்போது கடவுள் குறுக்கே வரவில்லை. உனக்கு ஒன்று வேண்டும் என்றபோது மட்டும் அவரைக் கூப்பிட்டுக்கொண்டோம். நீ அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை. பேனாவை ஒரு மாதிரி செங்குத்தாகப் பிடித்து எழுதப் பழகிக்கொண்டாய். உன் கையெழுத்து கோணலாகிவிட்டது என்று அதற்கும் நான் திட்டினேன்.

இதெல்லாம் பழைய கதை, விவரம் தெரியாத காலம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் போன வருஷம் எனக்கு விவரம் தெரியாதா? நீ படித்து, கேளம்பாக்கத்தில் சிநேகிதிகளோடு வீடு எடுத்துத் தங்கி, வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாய். அங்கேயே சம்பந்தமும் வந்தது. ஹார்டுவேர் கடை, சொந்த ஃபிளாட், ஒரே பையன். அவர்கள் நம் வீட்டுக்கு வந்த அன்று, காபி கொடுக்கும்போது பையனின் அம்மா உன் கையைப் பார்த்துவிட்டார். நீ உள்ளே போன பிறகு என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "தப்பா நெனச்சிக்காதீங்க. அக்னிய சுத்தி வர்றப்ப சுண்டு வெரல கோத்துகினுதான வரணும்? எம்புள்ள எந்த வெரல புடிப்பான், நீங்களே சொல்லுங்க."

கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வாயைக் கையால் மூடிக்கொண்டு. யாரும் எதுவும் கேட்காதபோதே, "சின்ன வேலதாங்க, கல்யாணத்துக்குள்ள எடுத்துடலாம்" என்று நானே சொன்னேன். அந்த அம்மா கேட்டு நான் சம்மதித்தேன் என்று உன்னிடம் ஒரு தடவை சொன்னேன் அல்லவா? பொய். அவர் எடுக்கச் சொல்லவே இல்லை. கேலி செய்தார், அவ்வளவுதான். கத்தியை எடுத்து நீட்டியது நான்.

நான் சிரிக்கும்போது வாயை மூடுவதை நீ எப்போதும் கிண்டல் செய்வாய். காரணம் சொல்கிறேன். எனக்கு ஒரு தெத்துப்பல் இருந்தது. எனக்கு அது பிடிக்கும், பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவர்களுக்கும் பிடிக்கும். என்னைப் பெண் பார்க்க வந்தபோது உன் அப்பா வீட்டில், "பொண்ணு லட்சணம்தான், அந்தப் பல்லு மட்டும்…" என்று இழுத்தார்கள். அடுத்த வாரமே என் நைனா என்னை பஸ்ஸில் ஏற்றிச் செங்கல்பட்டுக்குக் கூட்டிவந்தார். துணி எடுக்கத்தான் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறந்த பிறகுதான் எனக்கு விஷயம் தெரியும். பல்லைப் பிடுங்கினார்கள், இடம் காலியாகவே இருந்துவிட்டது. கல்யாண போட்டோ ஒன்றில்கூட நான் பல் தெரியச் சிரித்திருக்க மாட்டேன். உன் அப்பாவுக்கு இன்றுவரை அந்தப் பல்லைப் பற்றிய ஞாபகமே இல்லை.

இவ்வளவும் பட்டவள் நான். எனக்கு நடந்ததை நான் மறக்கவும் இல்லை. நாக்கு தினமும் அந்த இடத்துக்குப் போய்விட்டுத்தான் வருகிறது. இருந்தும் உனக்குத் தெரியாமல் ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணி, தேதி வாங்கி வைத்தேன். பட்டவளுக்குப் புத்தி வரும் என்று நினைக்காதே. பட்டதை அடுத்தவள் தலையில் இறக்கி வைத்தால் பாரம் குறையும் என்றுதான் பாதிப் பேர் நினைக்கிறோம்.

உன் அப்பாவை எப்படிச் சம்மதிக்க வைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெட்கம் என்று வந்த பிறகு எதை மறைப்பது? லட்சுமியை வெட்டுவதா என்று அவர் ரொம்ப நேரம் முரண்டு பிடித்தார். அப்புறம் அவருக்கே ஒரு யோசனை வந்தது. "கல்யாணம் ஆனா யோகம் அவங்க வூட்டுக்குல்ல போய்டும்? வெரல இங்கியே எடுத்துட்டு அனுப்புனா, யோகம் இங்கியே தங்கிடும்" என்றார். நான் அதைக் கேட்டு அதிர்ச்சி அடையவில்லை. ஆமாம் என்று தலையை ஆட்டினேன். உன் அப்பாவும் நானும் உன் விரலை வைத்துக்கொண்டு உன்னை அனுப்புவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம், லீவுக்கு வந்திருந்த நீ அடுத்த அறையில் போனில் யாரோடோ சிரித்துக்கொண்டிருந்தாய்.

நிச்சயம் முடிந்து, மாமல்லபுரத்தில் போட்டோ எடுக்கப் போனோம். சவுக்குத் தோப்பு ஓரமாக நீயும் பையனும் நின்றீர்கள். நானும் அவன் அம்மாவும் மணலில் பாயைப் போட்டு உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தோம். போட்டோக்காரர் உங்கள் இருவர் கையையும் கோத்துக் காட்டச் சொன்னார். "சிஸ்டர், அந்த வெரல மட்டும் உள்ள மடக்கிக்கோங்க." "அது மடங்காது" என்றாய். "அப்ப துப்பட்டாவ மேல போட்டுக்கோங்க, மீதிய எடிட்ல பாத்துக்கலாம்." நீ துப்பட்டாவைத் தொடவில்லை. அப்போதுதான் அந்த அம்மா பாயிலிருந்தே சத்தமாகச் சொன்னார். "எதுக்கு தம்பி கஷ்டப்பட்டுகினு? அடுத்த வாரம் ஆஸ்பத்திரில எடுத்துடப் போறாங்க. கை போட்டோ மட்டும் அப்பால வந்து எடுத்துக்கலாம்."

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். அந்தப் பார்வையை நான் சந்திக்கவில்லை. முறுக்கு டப்பாவில் மணல் விழுந்துவிட்டது போல அதைத் தட்டிக்கொண்டிருந்தேன். நீ அந்தப் பையனிடம், "உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாய். "அம்மா சொன்னாங்க. எனக்கு அதுல ஒண்ணும் இல்லைங்க. உங்க வீட்லயே சரின்னுட்டாங்கன்னதும் உங்களுக்கும் ஓகேன்னு நெனச்சேன்" என்றான் அவன். கெட்டவன் இல்லை பாவம். அவனும் உன்னைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். நீ செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாய்.

திரும்பி வரும்போது வண்டி திருக்கழுக்குன்றம் தாண்டியது. அப்புறம் நீ கேட்டாய்: "எந்த ஆஸ்பத்திரி? என்னைக்கு?" சொன்னேன். "சரி" என்றாய். மறுநாள் நீயே அவர்களுக்கு போன் பண்ணி, இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாய். அப்பா வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். நான் படுத்த படுக்கையாகக் கிடந்தேன். கொஞ்ச நாளில் அப்பா தலைகீழாக மாறினார். "எம்பொண்ணு வெரல வெட்ட சொன்ன வூடு நமக்கு இன்னாத்துக்கு?" என்று டீக்கடையில் பேச ஆரம்பித்தார். அதைக் கேட்ட நாலு பேர் சபாஷ் போட்டார்கள். நானும் அந்தக் கட்சியில் சேர்ந்துகொண்டேன்.

இனிமேல் சொல்வதுதான் எழுதவே கை கூசுகிறது. மறைமலைநகரில் பெண்கள் தினக் கூட்டம் நடந்தது. நம் வண்டிகளுக்குக் கணக்கு வழக்கு பார்ப்பது நான்தானே, வேன் தொழில் நடத்துகிற பெண் என்று என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். எதிரே நம் வண்டிகளில் வேலைக்குப் போகிற பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான் மைக்கைப் பிடித்து, "எம்பொண்ணு எவனோ ஒருத்தன் கட்டிக்கணும்ன்றதுக்காக அவ ஒடம்புல ஒரு நகத்தக்கூட வெட்டிக்க மாட்டா! நம்ம ஒடம்பு நம்மது!" என்றேன். அப்படிக் கைதட்டினார்கள். ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் தேதி வாங்கியது யார் என்று நான் சொல்லவில்லை. அந்த வீடியோ எல்லோர் போனிலும் சுற்றியது. உனக்கும் அனுப்பினேன். நீ பார்த்துவிட்டாய் என்று காட்டியது, பதில் வரவில்லை. சந்தோஷத்தில் வாயடைத்துப் போயிருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தியைப் பார்.

அப்புறம்தான் இன்று உன் மெசேஜ். "வர்ற வெள்ளிக்கிழமை விரலை எடுக்கப் போறேன். நானே டாக்டரைப் பார்த்துப் பேசிட்டேன். நீங்க வரணும்னு இல்ல, சொல்லணும்னு தோணுச்சு." உடனே போன் பண்ணினேன். பயமாக இருக்கிறதா, கூட யார் இருக்கிறார்கள், என்ன சாப்பிட்டாய் என்று எதுவுமே கேட்கவில்லை. "இப்ப எதுக்குடி? அந்தக் கல்யாணந்தான் நின்னு போச்சே! அவங்க சொன்னதுக்காகத்தான் வெட்டிக்கினான்னு ஊர் பேசாதா? நான் மேடையில அப்படிப் பேசிட்டு வந்துகீறேன்" என்றேன். உன் விரலைவிட என் பேச்சு எனக்குப் பெரிதாகப் போய்விட்டது. நீ நிதானமாகத்தான் பதில் சொன்னாய்: "மவுஸ் புடிச்சா வலிக்குதும்மா. வண்டி ஓட்டினா வலிக்குது. அதோட, எனக்கு அது வேணாம். எப்பவுமே வேணாம்." அதன் பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு போனை வைத்தாய்.

இங்கே இன்னொன்றையும் ஒத்துக்கொள்கிறேன். வலிக்கிறது என்று நீ சொன்னபோது எனக்கு ஒரு நிம்மதி வந்தது. ஊரில் சொல்லிக்கொள்ள ஒரு காரணம் கிடைத்துவிட்டதே என்ற நிம்மதி. வலிக்காக என்றால் நியாயம், அழகுக்காக என்றால் தப்பு என்று நான் தராசு பிடிக்கிறேன். வலியே இல்லாமல், உனக்கு வளையல் போட்டால் கை பார்க்க நன்றாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு நீ எடுத்தால்? அப்போதும் அது உன் கைதானே. ஆனால் எனக்கு அதை அவ்வளவு சுலபமாகச் சொல்ல வரவில்லை. பிறந்ததிலிருந்து இதைப் போடு, அதை மறை, இது லட்சணம், அது அவலட்சணம் என்று காதில் ஓதி ஓதி வளர்த்துவிட்டு, கடைசியில் நமக்கு வருகிற ஆசை எந்த அளவுக்கு நம்முடையது? என் மூக்குத்தியை எடுத்துக்கொள். அழ அழக் குத்தியதுதான். இன்று அதைக் கழற்றச் சொன்னால் கொடுக்க மாட்டேன், அது இல்லாமல் என் முகம் எனக்கே பிடிக்காது. அந்தப் பிடித்தம் என்னுடையதா, என்னைப் பெற்றவர்களுடையதா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாவிட்டாலும், நாளைக்கு யாராவது வந்து, அடிமைச் சின்னம் கழற்று என்று மூக்கில் கை வைத்தால் கையைத் தட்டிவிடுவேன். மூக்கு என்னுடையது, அதில் எனக்குச் சந்தேகமில்லை.

உன் விரல் விஷயத்தில் நான் செய்ததெல்லாம் அப்படி வந்து கை வைத்ததுதான். யோகம் என்றபோது வைத்துக்கொள் என்றேன். குறை என்றபோது எடு என்றேன். பெருமை என்று ஆனதும் மறுபடி வைத்துக்கொள் என்றேன். கடைசியாகச் சொன்னது நல்ல எண்ணம் மாதிரித்தான் தெரிந்தது, கைதட்டல்கூடக் கிடைத்தது. அதிலும் உன் கை என் கையில்தான் இருந்தது. நீ பிறந்தபோது மஞ்சள் தடவப் பிடித்த மணிக்கட்டை இன்னும் நான் விடவே இல்லை.

உனக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் அம்மா ஆயிற்றே, ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். எடுத்த பிறகு உன்னைப் பார்க்கிறவர்களில் சிலர், "இப்பதாம்மா கை அழகா கீது" என்பார்கள். சிலர், "ஐயோ, அடையாளத்தையே அழிச்சிட்டியே" என்பார்கள். இரண்டு பேருக்கும் நீ காரணம் சொல்லிக்கொண்டு நிற்காதே. எடுத்த பிறகு ஒருநாள் அது இல்லையே என்று உனக்கே வருத்தமாக இருந்தாலும் இருக்கும். அப்போது என்னிடம் தைரியமாகச் சொல். நான்தான் அப்போதே சொன்னேனே என்று சொல்ல மாட்டேன், இது சத்தியம்.

சாயந்திரம் அப்பாவிடம் சொன்னேன். முதலில், "வெள்ளிக்கிழமையில போயி லட்சுமிய…" என்று ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். பத்தாவது பரீட்சை முடிந்து நீ கை நீட்டியதைச் சொன்னேன். அவருக்கு அது ஞாபகமே இல்லை. ரொம்ப நேரம் தன் வலது கையின் ஓரத்தை மேஜை மேல் வைத்துத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வெளியே போய், ஷெட்டிலிருந்து வெள்ளைப் பெயிண்ட் டப்பாவை எடுத்துவந்து, வாசலில் நின்ற வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்தார். பிரஷ்ஷை முக்கிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஆறாவத மட்டும் அழிக்கவா, முழுக் கையும் அழிச்சிடவா? இன்னாடி நிக்கிற, சொல்லு."

என்னிடம் பதில் தயாராக இருந்தது, மகா. வாயைத் திறந்தேவிட்டேன். முழுசாக அழியுங்கள், அதுதான் அவளுக்கு மரியாதை என்று சொல்ல வந்தேன். சொல்லாமல் நிறுத்திக்கொண்டேன். மறுபடியும் அதையேதான் செய்யப் போனேன். "எனக்குத் தெரியாது. அவள கேக்கணும்" என்றேன். அப்பா பிரஷ்ஷைத் துடைத்து வைத்துவிட்டு, டப்பாவை மூடினார். வண்டி அப்படியேதான் நிற்கிறது.

அதனால் கேட்கிறேன். வண்டியில் இருக்கும் உன் கையை என்ன செய்யட்டும்? வெள்ளிக்கிழமை நான் வரட்டுமா, வேண்டாமா? வேண்டாம் என்றால் வர மாட்டேன், கோபித்துக்கொள்ளவும் மாட்டேன். இந்த இரண்டும் நீ சொல்வதுபோல் நடக்கும். இன்னொரு கேள்வி இருக்கிறது. நீ கையை நீட்டிய அன்றே கேட்டிருக்க வேண்டியது. அதற்கு நீ பதில் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை.

பரீட்சை எழுதும்போது ரொம்ப வலித்ததா, கண்ணு?

அம்மா